ஜே.ஆர். பாஸா, வெல்கம் சூயிக்காவா? முதல் முறை ஜப்பான் போகிறவர்களுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் ஜப்பான் பயணம் விசாரித்தால், விசா, விமான டிக்கெட், ஹோட்டல் என்று நீளும் பட்டியலில் பெரும்பாலும் ஜே.ஆர். பாஸும் இருக்கும். ஜே.ஆர். என்ற ஜப்பான் ரயில்வேயின் ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் ஏற, வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தரும் சீட்டு அது. ஏழு நாள் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து ஒரே தாவலில் 50,000 யென் ஆனது. பழைய விலைக்கு அது நல்ல சரக்கு. இப்போது டோக்கியோ, கியோட்டோ மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு அது தண்டச் செலவு.

கணக்கைப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கன்சென் என்ற புல்லட் ரயிலில் இருக்கை பதிவோடு சுமார் 14,000 யென். போக வர 28,000. ஹிரோஷிமாவையும் சேர்த்து டோக்கியோ, கியோட்டோ, ஹிரோஷிமா, மறுபடி டோக்கியோ என்று சுற்றினால்கூட 46,000-க்குள் முடிந்துவிடும். அப்போதும் பாஸின் விலையை எட்டவில்லை. போதாததற்கு, வேகமான நொசோமி ரயிலில் ஏற பாஸ்காரர் தனியாகக் காசு கட்ட வேண்டும். கியோட்டோ வரைக்கும் ஒரு பக்கத்துக்கு 4,960 யென். இல்லையென்றால் ஹிக்காரியில் போகலாம். நொசோமி இரண்டேகால் மணி நேரத்தில் போகிற தூரத்துக்கு ஹிக்காரி இரண்டே முக்கால் மணி நேரம்வரை எடுக்கும். அந்த அரை மணி பெரிதில்லை; ஆனால் ஹிக்காரி எண்ணிக்கையில் குறைவு, ஒன்றை விட்டால் காத்திருக்க வேண்டும்.

பாஸின் உண்மையான ஓட்டை ஊருக்குள்தான் தெரியும். டோக்கியோவின் பழசையும் புதுசையும் ஒரே நாளில் பார்க்க கின்சா லைன் ஒன்றே போதும். ஒரு முனை அசகுசா, சென்சோஜி கோயில் வாசல். மறுமுனை ஷிபுயா, ஆயிரக்கணக்கானோர் ஒரே சிக்னலில் ரோடு கடக்கும் இடம். 1927-ல் ஓடத் தொடங்கிய, ஆசியாவின் முதல் சுரங்க ரயில் அது. ஜே.ஆர். பாஸ் அதில் செல்லாது. டோக்கியோ மெட்ரோ, தோயெய் சுரங்க ரயில்கள், கியோட்டோ நகரப் பேருந்து எதிலும் செல்லாது. யமனோத்தே லைன் போன்ற ஜே.ஆர். தடங்களில் மட்டும்தான் செல்லும். கேரள பஸ் பாஸை வைத்துக்கொண்டு வடசேரியில் டவுன் பஸ் ஏறின கதைதான்.

வெல்கம் சூயிக்கா அப்படியில்லை. முன்கூட்டியே பணம் ஏற்றிவைத்து, கேட்டில் தட்டிவிட்டுப் போகிற, சிவப்பு வெள்ளையில் செர்ரிப் பூ போட்ட பிளாஸ்டிக் கார்டு. நரிட்டா, ஹனேடா விமான நிலையங்களில் கிடைக்கும். முன்பணம் (டெபாசிட்) இல்லை, 28 நாள் செல்லும், மிச்சப் பணம் திரும்பி வராது. வாங்கும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டு தருவார்கள். காலாவதி தேதி அதில்தான் இருக்கும், கார்டோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும். ரசீது என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒசாகா வழியாக இறங்குகிறவர்களுக்கு ஐகோகா என்ற கார்டு. 500 யென் முன்பணம் உண்டு. ஒன்று இருந்தால் போதும், டோக்கியோவிலும் கியோட்டோவிலும் இரண்டுமே செல்லும். ரயில், பேருந்து, கன்வீனியன்ஸ் ஸ்டோர், தானியங்கிப் பானப் பெட்டி, நிலைய லாக்கர் எல்லாவற்றுக்கும் தட்டலாம்.

போனிலேயே வைத்துக்கொள்ளலாமே என்றால், இந்தியாவில் வாங்கிய ஆண்ட்ராய்டு போன்களில் நடக்காது. சூயிக்கா ஃபெலிக்கா என்ற தனித் தொழில்நுட்பத்தில் ஓடுகிறது. ஐபோனில் வரும், ஆனால் பணம் ஏற்றும் இடத்தில் நம்மூர் வங்கிக் கார்டு தகராறு செய்யும். பிளாஸ்டிக் கார்டே நிம்மதி. அதிலும் பணம் ஏற்றுவது பெரும்பாலும் ரொக்கத்தில்தான், ஆயிரம் யென் நோட்டுகளைக் கைவசம் வைத்திருங்கள். கோயில் நுழைவுச் சீட்டுக்கும் அதே ரொக்கம்தான். கியோட்டோவின் தங்கக் கோயிலான கின்காகுஜிக்கு 500 யென். சென்சோஜிக்கும் கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்கும் கட்டணம் கிடையாது.

கார்டு எங்கே காலை வாரும்? ஒன்று, வெளியேறும்போது தட்டாமல் வந்துவிட்டால் அடுத்த முறை கேட் திறக்காது. நிலைய ஊழியரிடம் காட்டித்தான் சரிசெய்ய வேண்டும். இரண்டு, டோக்கியோவில் தட்டி உள்ளே போய், சாதா ரயில்களை மாறி மாறிப் பிடித்துக் கியோட்டோவில் தட்டி வெளியே வர முடியாது, பகுதி விட்டுப் பகுதி கணக்கு சேராது. ஷின்கன்சென்னுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். தாள் டிக்கெட் என்றால் அடிப்படைக் கட்டணச் சீட்டு, விரைவுச் சீட்டு என்று இரண்டு கையில் வரலாம். இரண்டையும் ஒன்றாக அடுக்கி கேட்டில் விட வேண்டும், அந்தப் பக்கம் வரும்போது மறக்காமல் எடுக்க வேண்டும். ஸ்மார்ட் எக்ஸ் செயலியிலும் பதியலாம், அதற்கு முன் வங்கிக் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்துவைக்க வேண்டும். டோக்கியோவிலிருந்து போகும்போது இ (E) வரிசை ஜன்னல் கேளுங்கள்; வானம் தெளிந்திருந்தால் முக்கால் மணி நேரத்தில் வலப்பக்கம் ஃபூஜி மலை.

கியோட்டோவில் பேருந்துக்குப் பின்கதவு வழியாக ஏறி, இறங்கும்போது முன்னால் டிரைவர் பக்கத்தில் தட்ட வேண்டும். ஊருக்குள் எங்கே இறங்கினாலும் 230 யென். பழைய ஒரு நாள் பேருந்துப் பாஸை நிறுத்திவிட்டார்கள். இப்போது இருப்பது சுரங்க ரயிலும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் பாஸ், ஐந்து முறை ஏறி இறங்கினால்தான் கட்டுப்படியாகும். ஃபுஷிமி இனாரிக்குப் பேருந்தே வேண்டாம், கியோட்டோ நிலையத்திலிருந்து ஜே.ஆர். நாரா லைனில் இரண்டாவது நிறுத்தம்.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு: 6 முதல் 11 வயதுவரை அரைக் கட்டணம். அதற்குக் குழந்தைகளுக்கான கார்டு தனி, பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்க வேண்டும். பெரியவர் கார்டை அவர்களிடம் கொடுத்தால் முழுக் கட்டணம் போகும்.

அப்புறம் பெட்டி. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், இந்தத் தட ஷின்கன்சென்னில் பெட்டி வைக்கும் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணமில்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறும் 28 அங்குலப் பெட்டிகள் பல இந்த எல்லையை ஒட்டித்தான் நிற்கும், சக்கரத்தையும் கைப்பிடியையும் சேர்த்து அளந்து பாருங்கள். தாண்டினால் டோக்கியோ ஹோட்டல் வரவேற்பறையில் தக்யூபின் கூரியரில் போட்டுவிடலாம். மறுநாள் கியோட்டோ ஹோட்டலுக்கு வந்து சேரும், அளவைப் பொறுத்து இரண்டாயிரம் மூவாயிரம் யென் ஆகும். ஒரு ராத்திரிக்கான துணிமணியை மட்டும் தோள்பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.