சிங்க்குக்குக் கீழே வைக்கும் எவர்சில்வர் கிரீஸ் டிராப்: தோசைக் கடைக்குச் சரி, வாழையிலைக் கடைக்குப் போதாது

கோலாலம்பூரில் உணவகச் சாமான் விற்கும் எந்தக் கடைக்குப் போனாலும் கிரீஸ் டிராப், அதாவது சிங்க் தண்ணீரிலிருந்து எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் இந்தப் பெட்டி, கண்ணில் படும். எவர்சில்வர் உடம்பு, மூன்று அறை, வெளி அளவு 600 × 400 × 400 மி.மீ., உள்ளே வரவும் வெளியே போகவும் 2 அங்குலக் குழாய், முதல் அறையில் ஒரு சல்லடைக் கூடை. சில நூறு வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, கிடைக்கும். ஆன்லைனில் இதே பெட்டியை நாலைந்து பெயர்களில் விற்கிறார்கள். மாநகர் மன்ற லைசென்ஸுக்கு கிரீஸ் டிராப் வேண்டும் என்றதும் பிரிக்பீல்ட்ஸிலும் செந்தூலிலும் பாதிப் பேர் வாங்குவது இதைத்தான். ஒரே சிங்க் உள்ள தோசைக் கடை, ரொட்டிச்சானாய் ஸ்டால் என்றால் தாராளமாக வாங்கலாம், ஒரு துண்டு கூடுதலாகச் சேர்த்தால். மதியம் இருநூறு இலை போடும் கடைக்கு இது பெயருக்குத்தான் டிராப்.

காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 96 லிட்டர் என்று எழுதியிருப்பது பெட்டியின் வெளி அளவு. தண்ணீர் நிற்பது வெளிக்குழாயின் மட்டம் வரை மட்டும், அதாவது பெட்டியின் அடியிலிருந்து சுமார் 280 மி.மீ. உயரம். அப்படிப் பார்த்தால் 67 லிட்டர். கூடை வைத்த முதல் அறையைக் கழித்தால் எண்ணெய் பிரிய மிஞ்சுவது 50 லிட்டர்தான். இப்போது சிங்க்கை அளந்து பாருங்கள். 60 × 45 × 30 செ.மீ. தொட்டி முக்கால் நிறைந்தால் 61 லிட்டர். அடைப்பானைப் பிடுங்கினால் ஒரு நிமிடத்தில் காலியாகிவிடும். அந்தத் தண்ணீர் டிராப்பில் தங்கும் நேரம் 50 விநாடி.

எண்ணெய்த் துளி மேலே மிதந்து வர அந்த 50 விநாடி போதுமா? நம் ஊர்ச் சூட்டில், 0.2 மி.மீ. துளி 280 மி.மீ. ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். 0.1 மி.மீ. துளிக்கு ஒன்பது நிமிடம். பாத்திரம் கழுவும் திரவம் உடைத்துப் பொடியாக்கிய 0.02 மி.மீ. துளி என்றால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அடைப்பானைப் பிடுங்கியதும் பாயும் வெள்ளத்தில் பெரிய கொழுப்புக் கட்டிகள் மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் பின் சந்துக் குழாய்க்குப் போய்ச் சேரும்.

இதற்கு மருந்து ஃபுளோ கண்ட்ரோல் என்ற சின்னத் துண்டு. இந்தப் பெட்டிகளோடு அது வருவதில்லை. அதுதான் இவற்றின் பெரிய குறை. சிங்க்குக்கும் டிராப்புக்கும் நடுவே, துளை போட்ட ஒரு தகடும் அதற்கு அடுத்தாற்போல் காற்று இழுக்கும் ஒரு குழாயும். சிங்க்கின் நீர்மட்டத்துக்கும் தகட்டுக்கும் அரை மீட்டர் உயரம் இருந்தால், 15 மி.மீ. துளை நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் விடும். அந்த வேகத்தில் தண்ணீர் டிராப்பில் இரண்டரை நிமிடம் தங்கும், 0.2 மி.மீ. துளி பிடிபடும். சிங்க் காலியாக மூன்று நிமிடம் ஆகும் என்பதால் பாத்திரம் கழுவுபவர் முணுமுணுப்பார். துளைக்குப் பதில் கைப்பிடியால் திருகும் பால் வால்வ் (ball valve) போட்டு அரைகுறையாய் மூடி வைக்காதீர்கள். அவசரத்தில் யாராவது முழுசாகத் திறந்துவிடுவார்கள். மாட்டிய பிறகு குழாயின் வாயில் 20 லிட்டர் வாளியை வைத்துப் பாருங்கள், நிறைய ஒரு நிமிடம் ஆக வேண்டும். சோற்றுப் பருக்கை தகட்டுத் துளையை அடைக்கும், ஆகவே சிங்க்கின் வாயிலேயே ஒரு சல்லடை கட்டாயம்.

இரண்டு தொட்டி சிங்க் உள்ள கடையில் நிமிடத்துக்கு 60 லிட்டராவது போக வேண்டியிருக்கும். அதற்குப் பிரியும் இடம் மட்டுமே 150 லிட்டர் வேண்டும். இந்த வகையில் பெரிய அளவைத் தேடுவதை விட, தரையில் புதைக்கும் தொட்டிக்குப் போவதே சரி.

எஃகைப் பற்றி ஒரு வார்த்தை. கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை, அதனால் 304 என்ற நல்ல ரக எஃகு என்பார். மலிவான 201 ரகமும் காந்தத்தில் ஒட்டாது. காந்தச் சோதனை, காந்தத்தில் ஒட்டும் 430 ரகத்தை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். 201-ஐக் கண்டுபிடிக்க மாங்கனீஸ் சோதனைத் திரவம் உண்டு, ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறும். மாவு அரைத்த கிரைண்டர் கழுவிய தண்ணீர் டிராப்பில் புளித்து அமிலமாகும், ஊறுகாயும் கருவாடும் உப்பைச் சேர்க்கும். இரண்டும் சேர்ந்தால் முதலில் துருப்பிடிப்பது உள்ளே இருக்கும் வெல்டிங் ஓரம். மூடியைத் திறந்து விரலால் அந்த ஓரத்தைத் தடவிப் பாருங்கள். கரடுமுரடாக, கருகலாக இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். கடைசி அறையில் வெளிக்குழாயின் வளைவு கீழே இறங்கி, பெட்டியின் அடிக்கு 50, 60 மி.மீ. மேலே நிற்க வேண்டும். சில மலிவான பெட்டிகளில் அந்த வளைவே இல்லை, வெறும் ஓட்டைதான். மிதக்கும் எண்ணெய் நேராக அதில் வழிந்து போகும்.

இந்த டிராப்புக்குள் விடக் கூடாதவை: கொதிக்கும் சோற்றுக் கஞ்சி, டிஷ்வாஷர் தண்ணீர், கழிப்பறைத் தண்ணீர். நெய் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும். சூடான கஞ்சி போனால், முந்தின நாள் கட்டிப்பட்ட நெய்யும் ஆட்டுக் கொழுப்பும் கரைந்து ஒரே மூச்சில் வெளியே போகும். கஞ்சியை ஆற வைத்து, மாவு படிந்த பிறகு விடலாம். பாத்திரத்தைச் சிங்க்கில் போடும் முன் ரப்பர் கரண்டியால் வழித்துப் போடுவது எந்தப் பெட்டியை விடவும் அதிகம் வேலை செய்யும். குருமாச் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்தால் உள்ளே போகும் எண்ணெயில் பெரும்பகுதி அங்கேயே நின்றுவிடும்.

சுத்தம் செய்வதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். நம் கடைகளில் பெரும்பாலும் பாமாயில். அது கோலாலம்பூர் வெயிலில் கட்டியாகாது, மஞ்சள் நிறத்தில் தண்ணீராகவே மேலே நிற்கும். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு கொழுப்பு ஆடை இல்லையே, இன்னும் நாள் இருக்கிறது என்று மூடிவிடுவார்கள். கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் குழாயைத் தரை தொடும்வரை நேராக இறக்கி, மேல் வாயை விரலால் அடைத்துத் தூக்குங்கள். மேலே எண்ணெய், நடுவில் கலங்கல் நீர், அடியில் சேறு, மூன்றும் தனித்தனியாகத் தெரியும். எண்ணெயும் சேறும் சேர்த்து 70 மி.மீ. வந்துவிட்டால், அதாவது ஆழத்தில் கால்பங்கு, அன்றே அள்ள வேண்டும். கால்பங்கு என்றால் 17 லிட்டர். நாளுக்கு ஒன்றரை லிட்டர் சேரும் கடையில் பதினோரு நாளில் நிறைந்துவிடும். மாதம் ஒரு முறை ஆள் வரும் ஒப்பந்தம் அந்தக் கடைக்கு எப்படிப் போதும்?

அள்ளும் முறை: காலையில், தண்ணீர் திறக்கும் முன். முதலில் கூடையைக் கொட்டுங்கள், பிறகு மேலிருக்கும் எண்ணெயைக் காயோங்கால், அதாவது பிடி வைத்த குவளையால், அள்ளி மூடி உள்ள வாளியில் ஊற்றுங்கள், அப்புறம் அடிச் சேறு. நடுத் தகடுகளைக் கழற்ற முடிந்தால் கழற்றிச் சுரண்டி, அதே இடத்தில், அதே பக்கம் பார்த்து மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் டிராப் வெறும் தொட்டி. கடைசியாகப் பச்சைத் தண்ணீரை வெளிக்குழாய் மட்டம் வரை நிரப்பி மூடுங்கள். காலியாக விட்டால் நிறையும் வரை எண்ணெய் பிரியாது. அள்ளியதை, வறுத்து மிஞ்சிய பழைய எண்ணெய் டின்னோடு கலக்காதீர்கள். பழைய எண்ணெயைக் கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். டிராப் கழிவு கலந்தால் அந்த டின்னையே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

என்சைம் தூள், கிருமித் திரவம் என்று டிராப்போடு சேர்த்து விற்பதை வாங்க வேண்டாம். பெரும்பாலானவை கொழுப்பைக் கரைத்து அடுத்த குழாய்க்குத் தள்ளுகின்றன, அங்கே அது மறுபடி கட்டிப்படும். காஸ்டிக் சோடா இன்னும் மோசம். கழிவுநீர்க் குழாயில் கொழுப்பு அமிலங்கள் கால்சியத்தோடு சேர்ந்து சோப்புப் போல, சுண்ணாம்புக் கட்டி போல இறுகும். காங்கிரீட் குழாயிலேயே கால்சியம் இருக்கிறது. அந்தக் கட்டியை உடைக்க, கழிவுநீர்க் குழாய்களைப் பராமரிக்கும் நிறுவனமான இண்டா வாட்டரின் ஆட்கள் உயர் அழுத்தத் தண்ணீரோடு இறங்க வேண்டியிருக்கிறது. பொதுக் கழிவுநீர்க் குழாயில் தடைசெய்யப்பட்ட கழிவுகளை அனுமதியின்றி விடக் கூடாது என்று 2006-ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டம், அதாவது 655-ஆம் சட்டம், சொல்வது சும்மா இல்லை. 2009-ஆம் ஆண்டின் கழிவுநீர் விதிமுறைப்படி புதிய சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியே விடும் நீரில் எண்ணெயும் கொழுப்பும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல் பகுதியில் 5. டிராப் இல்லாத சமையலறைத் தண்ணீரில் அது நூற்றுக்கணக்கில் இருக்கும்.

பழைய கடைவீட்டில் மாட்டுகிறீர்கள் என்றால் முதலில் ஒரு சோதனை. ஒரு வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடரைக் கலந்து சிங்க்கில் ஊற்றிவிட்டு, பின் சந்து லோங்காங்கை, அதாவது மழைநீர் வடிகாலை, பாருங்கள். லோங்காங் சிவந்தால் உங்கள் குழாய் கழிவுநீர்க் குழாயில் இணையவே இல்லை, நேராகக் கிள்ளான் ஆற்றுக்குப் போகிறது. அதைச் சரிசெய்யாமல் டிராப் வாங்கிப் பயனில்லை. மேன்ஹோல் மூடியை நீங்களே திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் வாயு ஆளைச் சாய்த்துவிடும்.

உறிஞ்சும் லோரியை அழைப்பவர்கள், வேலை முடியும் வரை பக்கத்திலேயே ஒருவரை நிறுத்துங்கள். சிலர் மேலிருக்கும் எண்ணெயை மட்டும் இழுத்துவிட்டு அடிச் சேற்றை அப்படியே விட்டுப் போகிறார்கள். இன்னும் சிலர் லோரியில் பிரிந்த தண்ணீரைத் திரும்ப அதே டிராப்பில் ஊற்றுகிறார்கள். வருவதற்கு முன் பிளாஸ்டிக் குழாயால் ஒரு அளவு, போகும் முன் ஒரு அளவு. இரண்டாவது அளவில் தெளிந்த தண்ணீர் மட்டும் இருந்தால், கழிவைக் கொட்டும் இடம் எழுதிய ரசீதையும் வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.