‘லான் ஸ்பெஷல் உரம்’ என்று சொல்லி, பெயரில்லாத மூட்டையோடு வருபவர்களிடம் ஏமாறாதீர்கள்

சென்னை நீலாங்கரையில் ஒரு வீடு. 600 சதுர அடி கொரியன் புல், லேசாக மஞ்சளடித்திருந்தது. பராமரிப்புக்கு வந்தவர், “சத்துக் குறைவு சார், வெளிநாட்டு உரம் போட்டா ஒரே வாரத்துல பச்சையாயிடும்” என்று சொல்லி, எழுத்தே இல்லாத வெள்ளை மூட்டையிலிருந்து ஐந்து கிலோ குருணையை உச்சிவெயிலில் வீசிவிட்டு, இரண்டு நாள் தண்ணீர் விடவேண்டாம் என்றும் சொல்லிப் போனார். புல் திட்டுத்திட்டாகக் கருகியது. அடுத்து அவரே புதுப் புல் பதிக்க விலை சொன்னார். கருக்குவதும் அவர்களே, புதுப்புல் விற்பதும் அவர்களே. இதுதான் இதில் மிக மோசமான பகுதி.

அந்தக் குருணை பெரும்பாலும் சாதாரண யூரியாதான். அதில் 46 சதவீதம் நைட்ரஜன். வேப்பெண்ணெய் பூசும் கட்டணமும் வரியும் நீங்கலாக 45 கிலோ மூட்டைக்கு அரசு வைத்த விலை 242 ரூபாய், அதுவும் விவசாயிகளுக்கான மானியத்தில். அதைத்தான் கிலோவுக்கு நூற்றுக்கணக்கான ரூபாய் கொடுத்து வாங்குகிறோம்.

100 சதுர அடிக்கு ஒரு தடவைக்கு அதிகபட்சம் 100 கிராம் யூரியா. சென்னை வெயிலில் 50 கிராமே போதும். அந்த வீட்டுக்கு 600 கிராமே உச்சம்; விழுந்ததோ அதைப்போல எட்டு மடங்கு. இலை காய்ந்திருக்கும்போது, மாலையில் தூவி, உடனே நன்றாகத் தண்ணீர் விடவேண்டும். விடாவிட்டால் சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும், மீதி புல்லைச் சுடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கனமழைக்கு முன்னால் போட்டால் கடற்கரை மணலில் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும்.

இன்னொன்று, எல்லா மஞ்சளும் நைட்ரஜன் குறைவு அல்ல. உப்பான போர்வெல் தண்ணீர் பாயும் வீடுகளில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துப் பிரச்சினை. யூரியா உதவாது. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். டைல்ஸில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், துருக்கறை போகாது.

செம்மண், மண்புழு உரம் என்று லோடு இறக்குபவர்களிடமும் உஷார். ஒரு கைப்பிடி பிசைந்து பாருங்கள். நல்ல மண்புழு உரம் கருப்பாக, உதிரியாக, நாற்றமில்லாமல் இருக்கும். சாணி வாடை அடித்தாலோ பிழிந்தால் நீர் சொட்டினாலோ திருப்பி அனுப்புங்கள். எடை கூட்ட ஈரமாக்கியிருப்பார்கள். செம்மண்ணில் கோரைக்கிழங்கு ஒளிந்திருந்தால் லானே போய்விடும். அதைப் பிடுங்கப் பிடுங்க, அறுந்த கிழங்கிலிருந்து இன்னும் முளைக்கும். சலித்துத்தான் பரப்ப வேண்டும்.

உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ன்படி மூட்டையில் தயாரிப்பாளர் பெயர், சத்து விகிதம், எடை அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே விடாதீர்கள். பில் கேளுங்கள், முழுப்பணமும் அன்றே தராதீர்கள். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம்.

ஏற்கனவே கருகியிருந்தால், மேலே கிடக்கும் குருணையைப் பெருக்கி எடுத்துவிட்டு, வேருக்குக் கீழே இறங்கும் அளவு தண்ணீர் பாய்ச்சுங்கள். மணல்பாங்கில் தொடர்ந்து சில நாள். களிமண்ணில் தேங்காமல் இடைவெளிவிட்டு. ஒரு மாதம் எந்த உரமும் வேண்டாம். தரையோடு ஓடும் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ ஈரமிருந்தால் தழைத்துவிடும். பொடிந்து போகும் திட்டை மட்டும் பெயர்த்து மாற்றுங்கள். முழு லானையும் மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.