ஹெபடைடிஸ் பி-யோடு கொழுப்புக் கல்லீரல்: அல்ட்ராசவுண்டா, ஃபைப்ரோஸ்கேனா?

அல்ட்ராசவுண்ட் காரைக்குடி போன்ற ஊரிலேயே எடுக்கலாம், செலவும் குறைவு. ஆனால் 20 சதவீதத்துக்குக் கீழுள்ள கொழுப்பு அதில் பெரும்பாலும் தப்பிவிடும். கல்லீரலில் விழும் ஆரம்பநிலைத் தழும்பும் பிடிபடாது.

கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஸ்கேனான ஃபைப்ரோஸ்கேன் இரண்டையும் எண்ணாகவே தரும்: கொழுப்புக்கு சிஏபி என்ற அளவு, தழும்பைக் காட்டும் விறைப்புக்குக் கிலோபாஸ்கல். குறைந்தது 3 மணி நேரம் வெறும் வயிறு வேண்டும். கல்யாண விருந்தில் கந்தரப்பமும் சீயமும் சாப்பிட்ட கையோடு போய்ப் படுத்தால் விறைப்பு கூடுதலாகக் காட்டும். ஹெபடைடிஸ் பி வைரஸ் கிளம்பி, ரத்தத்தில் எஸ்ஜிபிடி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் என்சைம்) எகிறியிருக்கும்போது எடுத்தாலும் அதே கதைதான். அது அடங்கிய பிறகு எடுப்பதே சரி. உடம்பு பருமனென்றால் அதற்கான எக்ஸ்எல் புரோப் (உடம்பில் வைத்து அளக்கும் கருவிமுனை) இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆனால் கல்லீரலில் கட்டி இருந்தால் அதை ஃபைப்ரோஸ்கேன் காட்டாது. சிரோசிஸ் (முற்றிய கல்லீரல் தழும்பு) உள்ளவர்களும், குடும்பத்தில் கல்லீரல் புற்றுநோய் வந்தவர்களும் 6 மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் அல்ட்ராசவுண்டை விடவே கூடாது.