சிங்கப்பூர் வெள்ளியா, கூலிம் ரிங்கிட்டா?

அண்ணன் மகன் மெக்கானிக்கல் முடித்ததும் இரண்டு ஆஃபர் லெட்டர் வந்தன. சிங்கப்பூரில் எஸ் பாஸ் என்ற வெளிநாட்டவர் வேலை அனுமதியில், மாதம் 3,300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். 2025 செப்டம்பரிலிருந்து எஸ் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே அதுதான். இன்னொன்று இங்கே மலேசியாவில், கெடாவின் கூலிம் ஹைடெக் பார்க் தொழிற்பேட்டையில், 4,000 ரிங்கிட். பையன் கூலிமை எடுத்தான். பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் பாடாங் செராயில் பாதிப் பேர் அவனைப் பைத்தியம் என்றார்கள். முதலில் நானும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிறது. அறை வாடகை, சாப்பாடு, ரயில் என்று பாதி போனாலும் மிச்சம் ஐயாயிரத்தை ஒட்டி நிற்கும். கூலிமில் முழுச் சம்பளமே நாலாயிரம். சரி, கைக்காசில் சிங்கப்பூர்தான் ஜெயிக்கிறது.

கைக்கு வராத காசு வேறு கதை. கூலிமில் இவனிடம் 11 விழுக்காடு பிடித்து, முதலாளி 13 விழுக்காடு போட, மாதம் 960 ரிங்கிட் இபிஎஃப் என்ற ஓய்வுக்கால சேமநிதியில் ஏறும். அதில் 520 முதலாளி கொடுப்பது. சிங்கப்பூரின் சேமநிதியான சிபிஎஃப் அந்த நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். பாஸில் போகிறவனுக்குக் கிடையாது. அங்கிருந்தே இபிஎஃப்பில் சொந்தமாகக் கட்டலாம். கட்டுகிறேன் என்று போன பையன்களில் கட்டியவனை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்புறம், பாஸ் கம்பெனியோடு ஒட்டியது. ஆள்குறைப்பு வந்து பாஸ் ரத்தானால் அங்கே தங்க வழக்கமாக 30 நாள்தான். கூலிமிலும் ஆள்குறைப்பு வராமலில்லை. ஆனால் வீட்டில் படுத்துக்கொண்டே அடுத்த வேலை தேடலாம். இன்டெலும் இன்பினியனும் அதே பார்க்கில்தான் இருக்கின்றன. 2024 ஆகஸ்டில் இன்பினியன் அங்கே ஒரு புதிய சிப் ஆலையும் திறந்தது.

கத்தார், துபாய்? வருமான வரி இல்லை. வீட்டுக்கு வருவது வருடத்துக்கு ஒருமுறை. அவன் யோசிக்கவே இல்லை.

உண்மையில் முடிவு செய்தது வீடு. அண்ணன் செம்பனைத் தோட்டத்தில் மண்டோர், அதாவது கங்காணி. அறுபதில் ஓய்வு, அதற்கு இன்னும் இரண்டே வருடம். வேலை முடிந்தால் தோட்டத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். அதற்குள் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு வீடு வாங்கியாக வேண்டும். வங்கி கேட்பது சம்பளச் சீட்டும் இபிஎஃப் அறிக்கையும். சிங்கப்பூர் சம்பளத்துக்கும் கடன் கொடுப்பார்கள்தான். ஆனால் வீடு பார்க்க, வக்கீலிடம் கையெழுத்துப் போட, ஒவ்வொரு தடவையும் எழுநூறு கிலோமீட்டர் இரவு பஸ்ஸில் யார் வருவது? இதுவே சிங்கப்பூர் எல்லைக்குப் பக்கத்தில், ஜொகூரில் இருக்கும் கூலாய்த் தோட்டத்துப் பையனாக இருந்தால் நானே சிங்கப்பூருக்குப் போ என்றிருப்பேன். பாலத்தைத் தாண்டினால் வேலை, ராத்திரி அம்மா சமையல்.

போன சனிக்கிழமை அப்பாவும் மகனும் லூனாஸ் பக்கம் ஒரு பழைய தரைவீட்டைப் பார்த்துவிட்டு வந்தார்கள். பின்கட்டுக் கூரை ஒழுகுகிறதாம். அதைச் சொல்லியே விலையைக் குறைத்துக் கேட்டிருக்கிறான் பையன்.