செமி மெட்டாலிக் பிரேக் லைனர்: ஒன்றரை வருட அனுபவம்

போன வாரம் என் லாரியின் பின் பிரேக் டிரம்களை லேத்துக்குக் கொடுத்துவிட்டு பெங்களூரு ஜே.சி. ரோட்டில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா மகன் போன் செய்தான். "அண்ணே, வண்டிக்கு லைனர் மாத்தணும். செமி மெட்டாலிக் போடலாமா?" லைனர் என்றால் மிதிக்கும்போது டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை. என் டிரம்களைக் கெடுத்ததே செமி மெட்டாலிக்தான் என்ற கோபத்தில், வேண்டவே வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்கு அது சரியான பதில் இல்லை. அதனால் இப்போது நிதானமாக எழுதுகிறேன்.

என் டென் வீல் லாரி பெங்களூரு பக்கம் பொம்மசந்திராவில் லோடு ஏற்றி சேலம் போகிறது. முன்பு போட்டிருந்தது இரும்பு நார் கலக்காத ஆர்கானிக் லைனர். சத்தமே கிடையாது. ஆனால் முழு லோடோடு தொப்பூர் கணவாய் இறங்கினால், இரட்டைப் பாலம் வருவதற்குள் கருகல் வாடை அடிக்கும். மேலே மிதித்த அளவு மிதித்தால் கீழே வண்டி கட்டுப்படாது. லைனரைக் கட்டிவைத்திருக்கும் ரெசின் என்ற பசை சூட்டில் கருகுவதால் வரும் வினை அது.

அதனால் செமி மெட்டாலிக்குக்கு மாறினேன். அதில் இரும்பு நார் கலந்திருக்கிறது, சூட்டைத் தாங்கும். முதல் வளைவில் பிடித்த மாதிரியே கடைசி வளைவிலும் பிடித்தது. ஒன்றரை வருடத்தில் ஒரு நாள்கூட அந்த இறக்கத்தில் எனக்கு வயிறு கலங்கவில்லை.

ஆனால் அந்தச் சத்தம்! சில்க் போர்டு நெரிசலில் ஒவ்வொரு மிதிக்கும் கீச்சென்று கத்தும். பக்கத்தில் பைக்கில் இருக்கும் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்வார்கள், எனக்கு வருத்தமாக இருக்கும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கழற்றிப் பார்த்தால் டிரம் முழுக்க நகம் மாட்டுகிற அளவுக்கு வரி வரியாகப் பள்ளம். "இன்னும் ஒரு தடவைதான் கடைய முடியும்" என்கிறார் லேத்துக்காரர்.

எதை வாங்கினாலும் லைனரின் விளிம்பில் அச்சடித்திருக்கும் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரண நிலையில் உராய்வு எவ்வளவு என்று சொல்லும், இரண்டாவது சூட்டில். எஃப் என்றால் உராய்வு எண் 0.35 முதல் 0.45 வரை, இ என்றால் 0.25 முதல் 0.35 வரை. எஃப்இ என்றிருந்தால் சூட்டில் பிடிமானம் இறங்கும் என்று அர்த்தம். அப்புறம், மலிவு என்று ஆஸ்பெஸ்டாஸ் லைனரை யாராவது நீட்டினால் தொடவே வேண்டாம். டிரம்முக்குக் காற்றடிக்கிற பையனின் நுரையீரலுக்குத்தான் அந்தத் தூசி போகும்.

இந்த முறை நான் ஆர்கானிக்கே போட்டுவிட்டேன். தொப்பூர் உச்சியிலேயே கியரைக் குறைத்து, புகை போகும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு மெதுவாக இறங்குகிறேன். தம்பி, நீ மங்களூருக்கு சிராடி காட் மலைப்பாதையில் இறங்குகிறவன். உனக்குச் சூட்டைத் தாங்குவதுதான் முக்கியம். செமி மெட்டாலிக்கே போடு. டிரம்முக்கும் சேர்த்துக் காசு எடுத்து வை.