சிப்பாங் வெயிலில் ஜிஆர்86: ரிம், டயர் பற்றிய நீண்ட கால அனுபவம்

டொயோட்டா ஜிஆர்86 ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிய பலரும் முதலில் கைவைப்பது ரிம்மில்தான். 19 அங்குலம் மாட்டி, காரைத் தாழ்த்தி, நாலு பேர் பார்க்கும் இடத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்கள். அவரவர் ஆசை. ஆனால் மலேசியாவின் சிப்பாங் பந்தயத் தடத்தில் காலை முதல் மாலை வரை ஓட்ட வேண்டுமென்றால் அந்த ரிம் பணத்துக்கும் கேடு, டயருக்கும் கேடு. நான் 18 அங்குலத்திலிருந்து 17-க்கு இறங்கினேன். சில ஆண்டுகளாக அதே ரிம்தான். டயர்கள்தான் வந்து போகின்றன.

கம்பெனியிலிருந்து வந்தது 7.5 அங்குல அகலமுள்ள 18 அங்குல ரிம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம், மில்லிமீட்டரில்) +48. அதில் 215/40 ஆர்18 அளவில் (அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், ரிம் 18 அங்குலம்) மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4 டயர். சாலையில் அந்த டயரைக் குறை சொல்ல எதுவுமில்லை. தடத்திலும் முன்கூட்டியே எச்சரித்துவிட்டு மெதுவாகத்தான் பிடியை விடும். புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: அது தேய்ந்து தீரும் வரை ரிம், டயர் எதையும் மாற்றாதீர்கள், கேம்பரை, அதாவது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணத்தை, மட்டும் மாற்றுங்கள்.

காரணம் தடத்திலேயே இருக்கிறது. சிப்பாங் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள், கடிகாரச் சுற்றில் ஓடுவது. வலப்பக்கம் திரும்பும் வேலையே அதிகம் என்பதால் சுமை முழுவதும் இடப்பக்க டயர்களின் தலையில் விழுகிறது. முன்பக்க இடது டயர்தான் முதல் பலி. இந்தக் காரின் முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, அதாவது சுருளும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஒற்றைத் தூணே சக்கரத்தைத் தாங்குவது. வளைவில் உடல் சாயும்போது வெளிச்சக்கரமும் சேர்ந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்துவிடும். தொழிற்சாலை அமைப்பில் கேம்பர் ஏறக்குறைய பூஜ்யம். ஆக, டயரின் வெளித்தோள் மட்டும் தரையில் உராய்ந்து வேகும், உள்பகுதி வேடிக்கை பார்க்கும்.

ஊசிமுனை வெப்பமானியை ரப்பருக்குள் குத்திப் பார்த்தால் இது அப்படியே எண்களில் தெரியும். கம்பெனி அமைப்பில் தடத்திலிருந்து உள்ளே வந்த கையோடு இடது முன் டயரில் நான் எடுத்த அளவு: வெளிப்பக்கம் 98 டிகிரி செல்சியஸ், நடுவில் 90, உள்பக்கம் 77. ஸ்ட்ரட்டின் தலையை நகர்த்த உதவும் கேம்பர் பிளேட் பூட்டி முன்பக்கத்தை மைனஸ் 2.8 டிகிரிக்கு (சக்கரத்தின் தலை உள்நோக்கிச் சாயும்படி) கொண்டுவந்த பிறகு வெளியே 87, நடுவில் 91, உள்ளே 93. உள்பக்கம் சற்றே கூடுதலாக இருப்பதுதான் சரி. நேர்ப்பாதையில் அந்த ஓரம்தானே தரையை அழுத்திக்கொண்டு ஓடுகிறது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு அதே டயர் முன்பைவிட வெகுநாள் உழைத்தது. பிளேட்டுக்குப் பதில் ஸ்ட்ரட்டின் அடியில் போடும் கேம்பர் போல்ட் மலிவுதான். ஆனால் அது சக்கரத்தின் தலையை ஸ்ட்ரட்டை நோக்கித் தள்ளுகிறது. அகலமான டயர் போடப் போகிறவருக்கு அந்த இடைவெளி பொன். பிளேட்டில் ஸ்ட்ரட்டே சாய்வதால் அந்தத் தொல்லை இல்லை.

கிள்ளானில் நான் வாடிக்கையாகப் போகும் பட்டறைக்காரரிடம் ரிம் படங்களைக் காட்டியபோது அவர் கைப்பேசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தம்பி, முதலில் எந்த டயர் என்று சொல்லுங்கள். ரிம்மை அப்புறம் பேசலாம்" என்றார். இன்று யார் கேட்டாலும் நானும் அதையேதான் சொல்கிறேன். ரிம்மை ஒரு முறை வாங்குகிறோம். டயரை வாங்கிக்கொண்டே இருக்கிறோம். 17 அங்குலத்தில் தடத்துக்கேற்ற டயர்கள் நிறைய வகை கிடைக்கின்றன, விலையும் 18-ஐவிடக் கைக்கு அடக்கம்.

நான் தேர்ந்தெடுத்த அளவு 245/40 ஆர்17. விட்டத்தைக் கணக்கிட்டால் சுமார் 628 மில்லிமீட்டர். பழைய 18 அங்குல டயருக்கு 629. வேகமானி பொய் சொல்லாது, கியர் விகிதமும் மாறாது. 1,300 கிலோவுக்குள் அடங்கும் இந்தக் காருக்கு இதைவிட அகலம் தேவையில்லை. 255 போட்டவர்களும் இருக்கிறார்கள். எடையையும் காற்றுத் தடையையும் கூட்டிக்கொண்டு, ஃபெண்டரை (சக்கரத்தை மூடும் உடல் தகட்டை) தட்டி வளைத்தும் விட்டார்கள்.

ரிம் 9 அங்குல அகலம், ஆஃப்செட் +45. பழையதோடு ஒப்பிட்டால் உள்ளே ஏறக்குறைய 16 மில்லிமீட்டர், வெளியே 22 மில்லிமீட்டர் கூடுதல் இடத்தை எடுக்கும். முன்பக்கத்தில் கேம்பர் இருப்பதால் ஃபெண்டருக்குள் அடங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்னொரு சிக்கல் இந்தக் காரின் போல்ட் அமைப்பு. 100 மில்லிமீட்டர் வட்டத்தில் ஐந்து போல்ட் என்பது இப்போது அரிதாகிவருகிறது. கடையில் கண்ணைக் கவர்வதெல்லாம் 114.3-ஆகத்தான் இருக்கும். பொறுமையாக ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ரிம்மின் நடுத்துளை உட்காரும் ஹப்பின் விட்டம் 56.1 மில்லிமீட்டர். ரிம்மின் துளை பெரிதாக இருந்தால் இடைவளையம் போட வேண்டும், அதை அலுமினியத்திலேயே வாங்குங்கள். பிரேக் சூட்டில் பிளாஸ்டிக் வளையம் இளகிப்போய்விடும்.

ரிம் செய்யும் முறைகளான வார்ப்பு, ஃப்ளோ ஃபார்மிங் (வார்த்த பிறகு விளிம்பை உருட்டி அழுத்தி நீட்டுவது), ஃபோர்ஜிங் (உலோகக் கட்டியை அழுத்தி உருவாக்குவது) என்ற மூன்றில் நான் நடுவில் உள்ளதை எடுத்தேன். ஃபோர்ஜிங் ரிம்மின் எடையும் உறுதியும் எனக்குத் தெரியாததல்ல. ஒன்று வளைந்தால் மறுபடி வாங்க மனம் வருமா என்பதே கேள்வி. ஆனால் பெயர்பெற்ற ரிம்மின் நகலை மட்டும் தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். தடத்தோரக் கெர்பில் (உயர்ந்த விளிம்பில்) ஏறி இறங்கும் சுமைக்கு அது தாங்குமா என்று யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். எதுவானாலும் ஸ்போக்கின் அடியில் முடிபோல விரிசல் தெரிகிறதா என்று கழுவும்போதெல்லாம் தடவிப் பாருங்கள்.

இனி டயர். பக்கச்சுவரில் உள்ள டிரெட்வேர் எண்ணை (கூடக்கூட மெதுவாகத் தேயும் என்று காட்டும் மதிப்பீட்டை) பார்த்து வாங்குவது பொதுவான வழக்கம். யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஆர்இ-71ஆர்எஸ், ஹான்கூக் வென்டஸ் ஆர்எஸ்4 ஆகிய மூன்றிலும் 200 என்றுதான் இருக்கும். ஆனால் அந்த எண்ணைத் தயாரிப்பாளரே சோதித்துத் தானே இட்டுக்கொள்கிறார். அமெரிக்க அமெச்சூர் போட்டிகள் பலவற்றில் 200-க்குக் கீழே அனுமதியில்லை. அதனால் எல்லோரும் சரியாக அங்கே வந்து நிற்கிறார்கள். ஒரு நிறுவனத்தின் 200-ஐ இன்னொன்றின் 200-உடன் ஒப்பிடுவதில் பொருளில்லை.

இந்த வகுப்பில் இரண்டு குணங்களைக் கண்டேன். ஒன்று, முதல் சுற்றிலேயே சூடேறி அசுரப் பிடி தருவது. இரண்டு சுற்றுக்கு அதைப்போல் இன்பமில்லை. நண்பகலில் தார் 50 டிகிரியைத் தாண்டியிருக்கும்போது நான்காம் சுற்றில் எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். மற்றது, சூடேற நேரமெடுக்கும். உச்சப் பிடி குறைவு. ஆனால் இருபது நிமிடமும் ஒரே மாதிரி இருக்கும். குளிர்நாட்டு விமர்சனங்களில் முதல் வகைக்கே மாலை மரியாதையெல்லாம் நடக்கும். நம் வெயிலுக்கு இரண்டாவதுதான். ஐந்தாம், ஆறாம் வளைவுகளில் அதிவேகத்தில் வலமிருந்து இடமாக எடை மாறும்போது, டயர் சென்ற சுற்றில் செய்ததையே இப்போதும் செய்யும் என்ற நம்பிக்கை எனக்கு ஒரு விநாடி வேகத்தைவிடப் பெரிது.

காற்றழுத்தம் தனிக் கதை. கதவோரத்தில் 240 கிலோபாஸ்கல், அதாவது 35 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கும். அதை நிரப்பிக்கொண்டு தடத்துக்குப் போனால் சூட்டில் எங்கோ ஏறிவிடும். நான் குளிர்ந்த நிலையில் 27 வைத்துத் தொடங்கி, சூட்டில் 34, 35-இல் நிற்கும்படி பார்த்துக்கொள்கிறேன். விடியற்காலையில் அளந்துவிடுங்கள். ஒரு பக்கம் வெயில் படும்படி நிறுத்தியிருந்தால் ஓட்டாமலேயே அந்தப் பக்க டயர்களில் ஓரிரு பிஎஸ்ஐ ஏறியிருக்கும்.

சாலையில் இந்த டயர்கள் இரைச்சல் போடும், சக்கரங்கள் ஓடிப் பள்ளம் விழுந்த சாலையில் ஸ்டீயரிங்கை இழுக்கும், எரிபொருளும் கொஞ்சம் கூடும். பொறுத்துக்கொள்ளலாம். மாலையில் கொட்டும் மழைதான் பயம். பாதி தேய்ந்த டிரெட்வேர் 200 டயரோடு நெடுஞ்சாலையில் தேங்கிய நீரில் ஏறினால் ஸ்டீயரிங் காற்றாகிவிடும். அதனால் பழைய 18 அங்குல செட்டை விற்கவில்லை. வாரநாட்களில் அதுதான் ஓடுகிறது. உங்களிடம் இரண்டு செட்டுக்கு இடமில்லையென்றால் ஆழமான பள்ளங்கள் உள்ள டயரையே எடுங்கள், தடத்தில் இரண்டு விநாடி போனால் போகட்டும்.

நட்டுகள் எஃகிலேயே இருக்கட்டும். வண்ண அலுமினியம் வேண்டாம். 120 நியூட்டன் மீட்டர் முறுக்கு, முதல் ஓட்டம் முடிந்து ஆறிய பிறகு மறுபடி ஒரு முறை.

நான்கு சக்கரமும் ஒரே அளவாக இருப்பதால் முன்னதையும் பின்னதையும் மாற்றி மாற்றிப் போடலாம். சுழல்திசை குறித்த டயரானால் இன்னொரு வசதி உண்டு: ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் பூட்டி இடதிலிருந்து வலதுக்குக் கொண்டுபோனால், தேய்ந்த வெளித்தோள் உள்பக்கம் போய்விடும். பட்டறைக்கூலி மட்டும்தான் செலவு. என் இப்போதைய செட் அப்படித் திருப்பிப் போட்டதுதான். உள்ளே பள்ளம் இன்னும் இருக்கிறது.