முதியோர் இல்லத்தில் குடியிருப்போர் குழு: பல ஆண்டு நடத்திப் பார்த்தபின்

தென்னாப்பிரிக்காவின் 2006-ஆம் ஆண்டு முதியோர் சட்டம் 2010-இல் நடைமுறைக்கு வந்தது. இல்லத்தை நடத்துவதில் அங்கே வாழ்பவர்களுக்கும் குரல் வேண்டும் என்று குடியிருப்போர் குழுவுக்கு அது வழி செய்தது. டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் தமிழ்ப் பெரியவர்கள் உட்காரும் இப்படிப்பட்ட குழுக்களைப் பற்றி எங்கள் மதிப்பீடு இது: கேட்டதற்குப் பதில் வருகிற குழு இல்லத்தையே மாற்றும். பதில் வராத குழுவில் சீக்கிரமே தேநீரும் பிஸ்கட்டும்தான் மிஞ்சும்.

விடியற்காலைக் குளியலை எடுத்துக்கொள்வோம். நாலரை மணிக்கே எழுப்பிவிடுகிறார்கள், குளிர் தாங்கவில்லை என்பது பல இடங்களிலும் எழும் குறை. "கேர்கிவர்கள் கனிவாக நடக்க வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் எதுவும் மாறாது, ஏனென்றால் கோளாறு ஷிஃப்ட் அட்டவணையில் இருக்கிறது. இரவு ஆட்கள் காலை ஏழு மணிக்குக் கிளம்புமுன் எல்லாரையும் குளிப்பாட்டி முடிக்க வேண்டும் என்பது எழுதாத விதி. குறையைக் கேட்டு எழுதிக்கொள்வதோடு நிற்காமல் அந்த அட்டவணையையே குழுவின் முன் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டால் ஆசைகள் ஒன்றுபோல் இருக்காது. குளித்துவிட்டு விளக்கேற்றும் ஆயாக்களுக்கு, அதாவது பாட்டிகளுக்கு, விடியல்தான் வேண்டும். மூட்டுவலிக்காரர்கள் மதியம் இரண்டு மணி என்பார்கள். அப்படிப் பிரித்தாலே இரவு ஆட்களின் சுமை குறையும், புதிதாக ஆள் எடுக்கத் தேவையிருக்காது. இந்த யோசனை குழுவில் இருப்பவர்களிடமிருந்துதான் வரும். அலுவலகத்தில் உட்கார்ந்து யோசித்தால் வராது.

கூட்டத்துக்கு எட்டுப் பேர் போதும், ஒரு மணி நேரம் போதும். காலை பத்து மணி வசதி என்று தோன்றும். ஆனால் காலையில் நீர் போகும் மாத்திரை எடுத்தவர்களுக்கு அது மிகச் சங்கடமான நேரம். அந்த வகை மாத்திரையான ஃபுரோசமைடு ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். பிற்பகலுக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் வைத்து நடுவில் இடைவேளை விடுங்கள். டிவியை அணையுங்கள். காதுக்கருவி பக்கத்துக் குரலைத்தான் தெளிவாகப் பிடிக்கும், ஆகவே நாற்காலிகளை நெருக்கமாக வட்டமாகப் போடுங்கள். பேசப்போகும் விஷயத்தை 18 புள்ளி அளவுப் பெரிய எழுத்தில் அச்சிட்டு இரண்டு நாள் முன்பே கொடுங்கள். சாசா (அரசின் சமூக உதவித்தொகை அமைப்பு) தரும் உதவித்தொகை வரும் மாத முதல் வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

முதல் அரை மணி நேரம் ஊழியர் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. இரவில் தன்னைத் திருப்பிப் படுக்கவைக்கும் பெண் எதிரில் நிற்கும்போது எந்தத் தாத்தாவும் அவரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டார். மேட்ரன் (தலைமைச் செவிலி) பிற்பாதிக்கு வந்தால் போதும். கேட்கும் விதமும் முக்கியம். "எல்லாம் சரியா இருக்கா ஆயா?" என்றால் "நல்லாத்தான் இருக்குப்பா" என்பதோடு முடிந்துவிடும். "நேத்து ராத்திரி சாப்பாட்டுல எதை மிச்சம் வெச்சீங்க, ஆயா?" என்று கேட்டால் பேச்சு வளரும்.

சாப்பாட்டுத் தட்டில் குழு செய்யக்கூடியது நிறைய. விழுங்கச் சிரமப்படுவோருக்குச் சோறு, பருப்பு, பூசணி எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்துச் சாம்பல் நிறக் கூழாகக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தனித்தனிக் கரண்டியாக வைக்கச் சொல்வது நியாயமான கோரிக்கை. பருப்பின் மணமாவது தெரியும். சோற்றில் மட்டும் கவனம் வேண்டும். மிக்ஸியில் அரைத்த சோறு ஆறினால் பசைபோல் ஒட்டும், தொண்டையில் நிற்கும். விழுங்கச் சிரமப்படுவோர் உணவின் பதத்தைக் குறிக்கும் சர்வதேச ஐ.டி.டி.எஸ்.ஐ. அளவுகோலில், கூழாக அரைத்த 4-ஆம் நிலை உணவு கரண்டியில் வடிவம் கலையாமல் நிற்கவும் வேண்டும், சாய்த்தால் ஒட்டாமல் வழுக்கி விழவும் வேண்டும். மணத்தையும் நேரத்தையும் குழு முடிவு செய்யலாம், பதத்தைப் பேச்சு சிகிச்சையாளர்தான் முடிவு செய்ய வேண்டும். புரட்டாசியில் சைவத்துக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி என்பதை ஒரு மாதம் முன்பே, குழு கேட்டவற்றை எழுதும் தாளில் ஏற்றிவிடுங்கள். மளிகை ஆர்டர் போன பிறகு கேட்டால் சமையலறையால் முடியாது.

மறதிநோய் உள்ளவர்களைக் கூட்டத்தில் உட்காரவைத்துக் கேட்பது வீண். எதைப் பற்றிக் கேட்கிறோமோ அந்தப் பொருள் கண்ணெதிரே இருக்கும்போது, ஒரு நேரத்தில் இரண்டே தேர்வுகளைக் காட்டிக் கேளுங்கள். வேறு நாளில் திரும்பக் கேளுங்கள். அதே பதில் வந்தால் நம்பலாம்.

கூட்டத்துக்கு வெளியிலிருந்து வரும் குடும்பத்தாருக்கு டாக்ஸிக் கட்டணத்தை அன்றே ரொக்கமாகக் கொடுத்துவிடுங்கள். மாதாமாதம் ஒரு தொகை என்று வைக்குமுன் சாசாவில் விசாரியுங்கள். அது வருமானமாகக் கணக்கிடப்பட்டால் உதவித்தொகை குறையக்கூடும்.

பதில் தாள் இல்லாமல் குழு நடத்த வேண்டாம். கேட்டது, பொறுப்பாளர், தேதி, நடந்தது என்று நான்கு கட்டம் போதும். சாப்பாட்டு அறை வாசலில், சக்கர நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கு நேராக, தரையிலிருந்து சுமார் 1.1 மீட்டர் உயரத்தில் ஒட்டுங்கள். "முடியாது" என்பதும் பதில்தான். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். கேட்டவர் பெயரோ நோயோ தாளில் வரக் கூடாது, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது.

அடித்தார்கள், பணத்தை எடுத்துக்கொண்டார்கள் என்று யாராவது சொன்னால் அதைத் தாளில் ஏற்றி அடுத்த கூட்டத்துக்குத் தள்ளக் கூடாது. முதியோர் கொடுமை பற்றிச் சந்தேகம் வந்தாலே சமூக மேம்பாட்டுத் துறைக்கோ போலீசுக்கோ தெரிவிக்க வேண்டும் என்று அதே 2006 சட்டம் சொல்கிறது. அதைக் காதில் வாங்கியவர் உடனே தெரிவித்துவிட வேண்டும்.